இதயத்தின் இரகசியம் கண்ட மேதை வில்லியம் ஹார்வி



வலக்கையின் இரண்டு விரல்களை இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே மெல்ல வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளுவதை உணர்வீர்கள். அதுவே நாடித்துடிப்பு. நெஞ்சினுள் இருக்கும் இதயம் ஒருமுறை சுருங்குந்தோறும் மணிக்கட்டில் அத்துள்ளல் ஒருமுறை நிகழ்கின்றது. நாம் உறங்கினாலும் இதயம் உறங்குவதில்லை. விடுமுறை என்பதை அது அறியாது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அது துடிக்கின்றது.

இத்துடிப்பை மக்கள் தொன்றுதொட்டு அறிந்தே இருந்தனர். ஆயினும் இதயம் ஏன் துடிக்கின்றது, குருதி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கின்றது என்னும் வினாக்களுக்குச் சரியான விடை நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவ்விடையைக் கண்டு, ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தவர் ஆங்கில நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி. நம் ஒவ்வொருவர் நெஞ்சினுள்ளும் நடப்பது என்னவென்று உலகுக்கு உணர்த்திய அப்பெருமகனாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் என்னும் சிற்றூரில் 1578ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் நாள் ஹார்வி பிறந்தார். தந்தை பெயர் தாமஸ்; தாயார் பெயர் ஜோன். பெரிய குடும்பத்தின் மூத்த மகன் அவர். தம்பியருள் பலர் பின்னாளில் வாணிகத்தில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினர். ஹார்வியின் உள்ளமோ கல்வியையே நாடிற்று.

பத்தாம் வயதில் கேண்டர்பரி நகரப் பள்ளியில் சேர்ந்து இலத்தீன் மொழியை நன்கு கற்றார். அக்காலத்தில் ஐரோப்பிய அறிவு நூல்கள் அனைத்திற்கும் திறவுகோலாக விளங்கியது அம்மொழியே. 1593ஆம் ஆண்டு உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நுழைந்து, 1597ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதனோடு மனநிறைவு அடையாமல், மருத்துவக் கல்விக்குப் புகழ்பெற்றிருந்த இத்தாலி நாட்டுப் பதுவா நகருக்குச் சென்றார்.

வானியல் மேதை கலிலியோ கணிதம் கற்பித்துக்கொண்டிருந்ததும் அப்பதுவாவில்தான். அங்கே ஹார்விக்கு ஆசானாக வாய்த்தவர் ஃபாப்ரிசியஸ் என்னும் உடற்கூற்று அறிஞர். மரத்தால் அமைந்த நீள்வட்ட அரங்கொன்றில், படிப்படியாக உயர்ந்து செல்லும் தடுப்புகளைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் நெருக்கி நிற்பர். நடுவே மேசைமீது இறந்தோர் உடலைக் கிடத்தி, ஆசான் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவார். அப்பாடங்களின்போது ஃபாப்ரிசியஸ் சுட்டிக்காட்டிய ஒரு சிறு பொருள் ஹார்வியின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

அது சிரைகளின் உள்ளே இருக்கும் மெல்லிய அடைப்பிதழ்கள். குருதி கைகால்களில் வந்து தேங்கிவிடாதபடி ஓட்டத்தைச் சற்றே தணிப்பதற்காக அவை இருக்கின்றன என்று ஆசான் கருதினார். அவை எல்லாம் இதயத்தை நோக்கிய பக்கமாகவே திறக்கின்றன. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவை எவரும் காரணமின்றி அமைப்பதில்லை அன்றோ? இவ்வெண்ணமே பின்னாளில் பெரும் உண்மைக்கு வித்தாயிற்று.

1602ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்று ஹார்வி தாயகம் திரும்பினார். 1604ஆம் ஆண்டு எலிசபெத் பிரவுன் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. 1609ஆம் ஆண்டில் இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் மருத்துவராகப் பொறுப்பேற்று, ஏழை நோயாளிகளுக்குத் தொண்டாற்றினார். பின்னர் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கும், அவர் மைந்தர் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் அரண்மனை மருத்துவர் ஆனார்.

அக்கால நம்பிக்கை

ஹார்வியின் அருமையை உணர வேண்டுமாயின், அவருக்கு முன்னர் மக்கள் நம்பியிருந்தது என்னவென்று அறிதல் வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்தவர் கேலன் என்னும் மாபெரும் மருத்துவர். உண்ட உணவிலிருந்து கல்லீரல் ஓயாமல் குருதியை உண்டாக்குகின்றது என்றும், அது சிரைகளின் வழியே உடலெங்கும் சென்று, வயலில் பாய்ந்த நீர் மண்ணில் சுவறிப்போவதுபோல உறுப்புகளில் தீர்ந்துபோகின்றது என்றும் அவர் எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. குருதியின் ஒரு பகுதி அவற்றின் வழியே வலப்புறமிருந்து இடப்புறம் கசிகின்றது என்றும் கூறினார்.

இக்கருத்து 1,400 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. இடையிடையே ஐயம் எழுப்பியோரும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இபின் அல்-நஃபீஸ் என்னும் அரபு மருத்துவர், நடுச்சுவரில் துளையே இல்லை என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கின்றது என்றும் எழுதிவைத்தார். 16ஆம் நூற்றாண்டில் பதுவாவில் கற்பித்த கொலம்போ என்பாரும் அவ்வாறே உரைத்தார். எனினும் உடல் முழுவதும் குருதி செல்லும் வழியை எவரும் விளக்கிக் காட்டவில்லை. கேலன் சொன்னது தவறாக இருக்கக்கூடும் என்று நினைப்பதற்கே பலர் அஞ்சினர்.

கண்ணால் கண்டது

ஹார்வி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உயிர்களை உற்றுநோக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் அவருக்கும் குழப்பமே மிஞ்சிற்று. நாய் போன்ற விலங்குகளின் இதயம் மின்னல்போல் துடிப்பதால், எப்பொழுது சுருங்குகின்றது, எப்பொழுது விரிகின்றது என்று பிரித்தறிய இயலவில்லை. இறைவன் ஒருவனே இதனை அறிவான் போலும் என்று அவரே ஒரு கட்டத்தில் சோர்வுற்றார். ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை. தவளை, பாம்பு, மீன் முதலிய குளிர்ந்த குருதியுடைய உயிர்களின் இதயம் மெதுவாகத் துடிப்பதைக் கண்டு, அவற்றை நெடுநேரம் ஆராய்ந்தார்.

இதயம் சுருங்கும்போது இறுகுகின்றது. அப்பொழுது உள்ளிருக்கும் குருதி வெளியே தள்ளப்படுகின்றது. அதுவே அதன் உண்மையான உழைப்பு என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பாம்பின் இதயத்திற்குள் நுழையும் சிரையை அழுத்திப் பிடித்தால் இதயம் வெளுத்துச் சுருங்கியது. வெளியேறும் தமனியை அழுத்திப் பிடித்தால் இதயம் வெடித்துவிடுமோ என்னும்படி வீங்கியது. வரும் வழி எது, போகும் வழி எது என்பதை இவ்வெளிய சோதனையே காட்டிவிட்டது.

கணக்கால் கண்டது

அடுத்து ஹார்வி செய்ததை நம் தோட்டத்து மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு மங்கில் எவ்வளவு பால் சேரும், வெட்டும் மரங்கள் எத்தனை என்று தெரிந்தால், அன்றைய மொத்தப் பாலை நிறுப்பதற்கு முன்னரே கணக்கிட்டுவிடலாம் அல்லவா? ஹார்வி இதயத்தை அவ்வாறே கணக்கிட்டார்.

ஒரு துடிப்பில் வெளியேறும் குருதி அரை அவுன்சு, அதாவது ஏறத்தாழ 14 கிராம் மட்டுமே என்று கொண்டார். அரை மணி நேரத்தில் 1,000 துடிப்புகள் என்று கொண்டார். இரண்டுமே உண்மையைவிட மிகக் குறைந்த கணக்கு. அப்படியிருந்தும் அரை மணி நேரத்தில் வெளியேறும் குருதி 14 கிலோகிராம் ஆகின்றது! ஒருவர் உடலில் உள்ள மொத்தக் குருதியோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். அரை மணிக்கு ஒருமுறை இவ்வளவு குருதியைப் புதிதாக உண்டாக்குவதற்கு எந்த மனிதனால் உணவு உண்ண முடியும்? அத்தனை குருதியும் எங்கே சுவறிப்போகும்?

எனவே முடிவு ஒன்றே. வெளியே சென்ற குருதியே திரும்பி வருகின்றது. வந்ததே மீண்டும் செல்கின்றது. அது வட்டமிட்டு ஓடுகின்றது. ஒரு பெருக்கல் கணக்கு 1,400 ஆண்டு நம்பிக்கையைச் சாய்த்துவிட்டது. கணிதப் பாடம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்கள் இதனை மனத்தில் கொள்வார்களாக.

கையால் காட்டியது

கணக்கை நம்பாதவர்க்காக ஹார்வி மனிதக் கையிலேயே சோதனை செய்து காட்டினார். மேற்கையைத் துணியால் இறுகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி மறைந்தது, கை குளிர்ந்தது. கட்டைச் சற்றே தளர்த்தினால், ஆழத்தில் உள்ள தமனி வழியே குருதி உள்ளே பாய்ந்தது. மேலாக உள்ள சிரை மட்டும் அடைபட்டிருந்ததால் குருதி திரும்ப வழியின்றிக் கை சிவந்து வீங்கியது. புடைத்த சிரைகளில் ஆங்காங்கே முடிச்சுகள் தோன்றின. அவையே பதுவாவில் கண்ட அடைப்பிதழ்கள். சிரையை விரலால் அழுத்தி, அடுத்த முடிச்சுக்கு அப்பால் வரை குருதியை மேல்நோக்கி வழித்துவிட்டால், அது கீழே திரும்பவில்லை. கதவு ஒரு பக்கம் மட்டுமே திறந்தது.

மாணவர்கள் கையைக் கட்டிப் பார்த்தல் கூடாது. அதனினும் எளிய வழி உண்டு. கையைச் சிறிது நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையின் சிரைகள் புடைக்கும். பின்னர் தலைக்கு மேல் உயர்த்துங்கள், அவை அமுங்கிவிடும். குருதி இதயத்தை நோக்கித் திரும்பும் காட்சியை உங்கள் கையிலேயே காணலாம்.

நூலும் எதிர்ப்பும்

1616ஆம் ஆண்டு முதல் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் ஹார்வி விரிவுரை ஆற்றி வந்தார். ஆயினும் அவசரப்பட்டு நூல் எழுதவில்லை. பல ஆண்டுகள் சோதித்து, பிற மருத்துவர்களுக்குக் காட்டி, ஐயங்களைக் களைந்த பின்னரே, 1628ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் வயதில், இதயத்தின் இயக்கம் குறித்த நூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். செருமனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அச்சான அந்நூல் 72 பக்கங்களே கொண்ட சிறு நூல். மருத்துவ உலகைப் புரட்டிப்போட அச்சிறு நூலே போதுமாயிற்று.

பாராட்டு உடனே வந்துவிடவில்லை. பாரிஸ் நகரப் பேராசிரியர் ரியோலான் உள்ளிட்ட பலர் மறுத்தனர். பித்துப் பிடித்தவர் என்று ஊரார் எண்ணியதால் அவரிடம் வரும் நோயாளிகள் பெரிதும் குறைந்தனர் என்று அவரை நேரில் அறிந்தோர் குறித்துள்ளனர். உண்மையைச் சொன்னதற்கு அவர் தம் வருமானத்தையே விலையாகக் கொடுத்தார். எனினும் இகழ்ந்தோரை இகழ்ந்து பேசாமல், சோதனைகளையே விடையாகக் காட்டினார். 1649ஆம் ஆண்டில் ரியோலானுக்கு எழுதிய மறுமொழியிலும் அறிவு வழியிலேயே நின்றார்.

அவரது நேர்மைக்கு வேறொரு சான்றும் உண்டு. 1634ஆம் ஆண்டு லங்காஷயர் வட்டாரத்தில் ஒரு சிறுவன் சொன்னதைக் கேட்டுச் சில பெண்களைச் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டினர். குற்றம் உறுதியானால் தூக்குமேடைதான். அப்பெண்களுள் நால்வர் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட, ஹார்வியின் மேற்பார்வையில் அவர்களின் உடல் சோதிக்கப்பட்டது. சூனியத்திற்கு அடையாளமாக ஏதும் காணப்படவில்லை. பின்னர் அச்சிறுவனும் தான் கூறியது கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டான். கண்டதைக் கண்டவாறு சொல்லும் ஒருவரின் வாய்ச்சொல் உயிர்களையும் காக்கும் என்பதற்கு இது சான்று.

மன்னர் தொட்ட இதயம்

1641ஆம் ஆண்டளவில் வியப்புக்குரிய இளைஞர் ஒருவர் இலண்டன் வந்தார். அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மைந்தராகிய அவர் சிறுவயதில் கீழே விழுந்ததில் விலா எலும்புகள் முறிந்து, புண் ஆறிய பின்னும் இடப்பக்க நெஞ்சில் திறந்த குழி ஒன்று இருந்தது. அதனை உலோகத் தகட்டால் மூடிக்கொண்டு அவர் நலமாகவே நடமாடினார். ஹார்வி அக்குழியில் விரலை வைத்து, துடிப்பது இதயமே என்று கண்டறிந்து, அவரை மன்னர் சார்லசிடம் அழைத்துச் சென்றார். மன்னரும் உயிருள்ள இதயத்தைத் தம் விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டது அவ்விளைஞருக்குத் தெரியவே இல்லை! தொடுவுணர்வு தோலுக்குத்தான், இதயத்திற்கு இல்லை என்று ஹார்வி குறித்துக்கொண்டார்.

துன்பமும் இறுதிக் காலமும்

1642ஆம் ஆண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்திற்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. எட்ஜ்ஹில் போர்க்களத்தில் இளவரசர் இருவரைக் காக்கும் பொறுப்பு ஹார்வியிடம் விடப்பட்டது. குண்டுகள் பறக்கும் வேளையிலும் வேலியோரம் அமர்ந்து அவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாராம். அவ்வாண்டிலேயே படைவீரர்கள் அவரது இல்லத்தைச் சூறையாடி, பல்லாண்டு உழைப்பில் எழுதிய குறிப்புகளை அழித்துவிட்டனர். பொருள் போனதைவிட அக்குறிப்புகள் போனதே அவரை ஆறாத் துயரில் ஆழ்த்தியது. ஆயினும் ஓயவில்லை. உயிர்கள் பிறக்கும் விதம் குறித்து ஆராய்ந்து, 1651ஆம் ஆண்டில் மற்றொரு நூல் வெளியிட்டார்.

1654ஆம் ஆண்டில் மருத்துவர் கல்லூரியின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. முதுமையைக் காரணம் காட்டிப் பணிவுடன் மறுத்துவிட்டார். தம் நூல்களையும் நிலத்தையும் அக்கல்லூரிக்கே ஈந்தார். 1657ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், தம் 79ஆம் வயதில் இயற்கை எய்தினார். எசெக்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஹெம்ஸ்டெட் சிற்றூர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு குறை மட்டும் எஞ்சியிருந்தது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே கடக்கின்றது என்பதை அவரால் காண இயலவில்லை. அத்துணை நுண்ணிய வழி அது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661ஆம் ஆண்டில், இத்தாலிய அறிஞர் மால்பிகி நுண்ணோக்கியால் தவளையின் நுரையீரலை ஆராய்ந்து மயிரினும் மெல்லிய குழாய்களைக் கண்டார். ஹார்வி அறிவால் கண்டதை அவர் கண்ணால் கண்டார்.

பிறந்த ஊரின் ஏழைகளுக்கென ஹார்வி விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1674ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்டனில் ஒரு பள்ளி நிறுவப்பட்டது. அவர் பெயரைத் தாங்கி அப்பள்ளி இன்றும் நடைபெற்று வருகின்றது. மக்கட்பேறு இல்லாத அப்பெருமகனாருக்கு அங்குப் பயிலும் பிள்ளைகள் அனைவரும் மக்களே அல்லரோ?

நம் இதயத்தைப் பேணுவோம்

இனி நம் இதயத்திற்கு வருவோம். அவரவர் கைமுட்டி அளவினதாய், வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளதாய், நெஞ்சின் நடுவே சற்று இடப்புறம் சாய்ந்திருக்கும் தசைப்பை அது. மேலறை இரண்டு, கீழறை இரண்டு என நான்கு அறைகள் அதில் உள. உடலைச் சுற்றிவந்த குருதி வலப்புறம் நுழைந்து, நுரையீரலுக்குச் சென்று உயிர்வளியைப் பெற்று, இடப்புறம் திரும்புகின்றது. அங்கிருந்து உடலெங்கும் செலுத்தப்படுகின்றது. தொலைவெல்லாம் தள்ள வேண்டியிருப்பதால் இடக் கீழறையின் சுவரே மிகவும் தடித்தது. நான்கு அடைப்பிதழ்கள் குருதி பின்வாங்காமல் காக்கின்றன. ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை இதயம் இறைக்கின்றது.

எல்லா உறுப்புகளுக்கும் குருதி அனுப்பும் இதயத்திற்கும் தனக்கெனக் குருதி வேண்டும். அதனைக் கொண்டுவரும் குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி அடைபட்டால் மாரடைப்பு நேர்கின்றது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், இனிப்பு நீர், உடலுழைப்பின்மை ஆகியவை அதற்கு வழிகோலுகின்றன. உலகில் மிகுதியான உயிர்களைக் கவரும் நோய் இன்று இதய நோயே.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம். நெஞ்சை அழுத்தும் வலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணி, எண்ணெய் தடவி, சுக்குநீர் குடித்து, விடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவர்களின் இறுதிச் சடங்கில் நாம் நின்றிருக்கின்றோம். தந்தையை இழந்த பிள்ளை மறுவாரம் வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதையும் கண்டிருக்கின்றோம். நெஞ்சின் நடுவே இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் ஒரு நொடியும் தாமதியாமல் 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். பெண்களுக்கு வலியின்றி மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டுமே தோன்றுவதும் உண்டு. இரவென்று பாராதீர்கள்; செலவென்று பாராதீர்கள்.

இரத்த அழுத்தம் வலி காட்டாது ஏறும் இயல்புடையது. மருந்தகத்தில் மேற்கையில் பட்டை கட்டி அதனை அளக்கின்றனரே, அம்முறையை 1896ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ரிவா-ரோச்சி என்னும் இத்தாலிய மருத்துவர். பட்டையை இறுக்கினால் நாடி மறையும், தளர்த்தினால் மீளும். ஹார்வி துணியால் கட்டிக் காட்டிய சோதனையின் வழித்தோன்றலே அது. அப்பட்டைக்கு அஞ்சி ஒளிய வேண்டா. உப்பை நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் அடக்குங்கள். புகையை விடுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடங்கள்.

எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பியிருத்தல் கேலன் காலத்து வழி. அளந்து பார்த்தல் ஹார்வி காட்டிய வழி. மாணவச் செல்வங்களே, இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாய் தந்தையரின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்தவர்க்கு 60 முதல் 100 வரை இருத்தல் இயல்பு. எண்ணி முடித்ததும், இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்பொழுது பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். நினைவில்லை என்று விடை வந்தால், மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு உங்களுடையது.